அஞ்சுமணி முடிக்காத செவ்வாய்க்கிழமை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஒன்பது. மீதி நாலு யாருடையது என்று கேட்காதீர்கள். பசிக்கிறது என்று என் அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்தது எல்லாம் என்னுடையதுதான். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்து என்னோடு ஒத்துப்போகவில்லை. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நடுவில் சிரிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. இப்போதே சிரிக்கிறாள்.

பொழுது சாய்ந்தால் நாள் முடிந்துவிடும் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமையைக் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் முடியவிடாமல் வைத்திருந்த மனுஷன் ஒருவர் இந்த மலையில் உண்டு. ஆடலூரில் ஆரம்பித்துக் கிளாவரை வரைக்கும் போய்த் தேடுங்கள், இன்னொருவர் கிடைக்க மாட்டார். அவர் பெயர் அஞ்சுமணி.

அது தாய் தகப்பன் வைத்த பெயர் இல்லை. நாங்கள் எல்லாம் சிலோனில் தேயிலை பறித்துவிட்டு, கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்கள். ஆடலூருக்கு மேலே இந்தக் காப்பித் தோட்டத்தில் சேர்ந்தோம். வரும்போது ஆளுக்கு ஒரு பொருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தோம். நான் இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் ஒரு பித்தளை அண்டாவும் கொண்டுவந்தேன். அஞ்சுமணியின் அப்பா ஒரு தப்பட்டையைக் கொண்டுவந்தார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் விடியக்காலம் தப்பட்டை அடித்தால்தான் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு வருவார்கள். இங்கேயும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்குப் பிறகு மகன் அடித்தார். காலையில் ஒரு அடி, சாயந்தரம் ஐந்து மணிக்கு ஒரு அடி. நடுவில் எல்லோரையும் போல மிளகும் காப்பியும் பறிப்பார். காலை அடியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சாயந்தரத்து அடிக்காகத்தான் நாள் பூராவும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்போம். அதனால் அவர் அஞ்சுமணி ஆனார். அவர் சம்சாரம் பாக்கியமே, "எங்க வீட்டு அஞ்சுமணி சாப்புட வந்துச்சா அக்கா?" என்றுதான் கேட்பாள்.

எங்கள் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறு வயசு என்பேன்.

பெருமை பிடித்த மனுஷன். தப்பட்டையைச் சூடு காட்டும்போது பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. வேட்டியில் ஒரு கறை இருந்தால் அன்றைக்கு அடி ஒரு சுருதி குறையும் என்று நம்புகிறவர். வேற்றாள் முன்னால் இருமக்கூட மாட்டார். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்களுக்கு இருக்கிற மேனேஜரை நாங்கள் பழைய வழக்கத்தில் தொரை என்போம். சின்ன வயசு. முழங்கால் தெரியக் கால்சட்டை, கழுத்தில் விசில், மழைக்காலத்திலும் கறுப்புக் கண்ணாடி. வந்த புதிதில் ஒருநாள், என் மகன் வாங்கிக் கொடுத்த போனில் ஐந்து மணி காட்டியது என்று கூடையைக் கீழே வைத்துவிட்டேன். தப்பட்டை இன்னும் அடிக்கவில்லை. தொரை ஓடிவந்தார்.

"பாட்டி, யாரைக் கேட்டுக் கூடையை எறக்குனீங்க?"

"மணி அஞ்சாச்சுங்க தொரை. இந்தா போனப் பாருங்க."

"போன் மணி உங்க வீட்டு மணி. தோட்டத்து மணி தப்பட்டைதான். அது அடிக்காம ஒருத்தரும் கூடையை எறக்கக் கூடாது."

சொன்னதோடு விடவில்லை, எனக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். சிலோனில் வெள்ளைக்காரத் தொரைகூட என் சம்பளத்தில் கைவைத்ததில்லை. அந்த அரை நாளை நான் மறக்கவில்லை. சாமி கும்பிடும்போதுகூட ஞாபகப்படுத்திக்கொள்வேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மிளகுப் பறிப்புக் காலம். மிளகு பறிக்க எங்களிடம் இரண்டு கால் ஏணி கிடையாது. ஒரே மூங்கிலில் கால் வைக்கக் கணு விட்டு, அதைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஏறுவார்கள். சாயந்தரம் அஞ்சுமணி தப்பட்டையை எடுக்கப் போகும்போது தொரை கூப்பிட்டார். லாரி காத்திருக்கிறது, அந்தக் கடைசிக் கொடியையும் முடித்துவிட்டு அடி என்றார். இவரும் ஏறினார். முதலில் மிளகுச் சாக்கு வந்தது, இரண்டாவது இவர் வந்தார், மூன்றாவதாக ஏணி வந்து இவர் இடது காலின் மேல் விழுந்தது.

நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கண்ணைத் திறந்து கேட்டார்:

"அக்கா, மிளகு கொட்டிருச்சா?"

"ஏலே, உன் காலு கொட்டிப்போய்க் கெடக்கு. மிளகக் கேக்குறியா?"

"மணி என்னா? நான் இன்னும் அடிக்கலையே..."

அப்படியே மயங்கிவிட்டார். ஜீப்பில் போட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வரும்போது மிளகு எல்லாம் காய்ந்து சந்தைக்கே போய்விட்டது.

வேலையில் அடிபட்டால் தோட்டம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தோட்டம் அதற்காக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பணம் கட்டி வைத்திருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். தோட்டத்தைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும், கம்பெனியைக் கேட்டால் தோட்டத்தைக் காட்டும். நடுவில் கால் உடைந்த ஆள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அஞ்சுமணிக்கு அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இனிமேல் அவர் மரம் ஏற முடியாது. தோட்டத்து ஆள் இல்லை, வேலையில் விழவில்லை என்று முடிவாகிவிட்டால் நஷ்டஈடும் போகும், லயத்து வீடும் போகும். நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த வீடு. பாக்கியம் இப்போதே பாத்திரங்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

முதல் கடிதம் வந்தது. இப்படி ஒரு ஆளே இந்தத் தோட்டத்தில் இல்லையாம். ஏனென்றால் அவர் ஆதாரில் பெரியசாமி. தோட்டத்துப் பேரேட்டில் சின்னச்சாமி. சிறுவனாக இவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பேரேட்டில் ஏற்கெனவே ஒரு பெரியசாமி இருந்தாராம். குழப்பம் வேண்டாம் என்று கணக்குப்பிள்ளை இவரைச் சின்னச்சாமி ஆக்கிவிட்டார். கம்பெனிக்காரர்கள் சொன்னது என்னவென்றால், விழுந்தது சின்னச்சாமி, பணம் கேட்பது பெரியசாமி, இவருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

அஞ்சுமணி கொஞ்சமும் அசரவில்லை. "சேரும்போது சின்னப் பயலா இருந்தேன், இப்ப வளந்துட்டேன். இதுகூட வெளங்கலையா இவங்களுக்கு?" என்றார். பிறகு வி.ஏ.ஓ.விடம் நடையாய் நடந்து, இரண்டு பேரும் ஒருவரே என்று சான்று வாங்கி வந்தார். அதை லயம் பூராவும் காட்டினார். "நான் ஒரே ஆளுதான்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருச்சு பாத்தியா அக்கா!"

இரண்டாவது கடிதம் வந்தது. தப்பட்டை அடிக்கிறவருக்கு மரத்து மேலே என்ன சோலி? அதற்கு மிளகு பறிக்கிற நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து போய்க் கைநாட்டு வைத்தோம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதால் நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். மற்றவர்கள் கைநாட்டை ஓரத்தில் வைக்கும்படி ஆகிவிட்டது.

மூன்றாவது கடிதம்தான் எமன். அவர் விழுந்தது ஐந்து மணிக்கு மேலே. ஐந்து மணியோடு வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு சொந்த விருப்பத்தில் மரம் ஏறி விழுந்தால் நஷ்டஈடு கிடையாது. தொரையிடம் போய், "நீங்கதானேங்க ஏறச் சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, அவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார்.

விழுந்த நாளிலிருந்து தப்பட்டை அடிக்க ஆள் இல்லாமல் தொரை விசிலை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அஞ்சுமணி கட்டையை ஊன்றிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வந்தார். எல்லோரும் கூடையோடு நிற்கிறோம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. தோட்டத்து மணி எது?"

"தப்பட்டை" என்றோம்.

"அந்தச் செவ்வாக்கெழமை சாயந்தரம் தப்பட்டை அடிச்சுச்சா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி அன்னைக்கு வேலை முடிஞ்சுது? நான் அடிக்கல. அதனால அது முடியல. எனக்கு நஷ்டஈடு வர்ற வரைக்கும் அடிக்கவும் மாட்டேன். நாம எல்லாரும் இன்னும் அந்தச் செவ்வாக்கெழமையிலதான் இருக்கோம்!"

தொரை விசிலை வாயில் வைத்தார். ஊத மறந்துவிட்டார்.

வீம்புக்குச் சொல்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இல்லை. மனுஷன் நிஜமாகவே அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. தாடி வளர்ந்தது. முதலில் சாமியார் மாதிரி இருந்தார், பிறகு கரடி மாதிரி ஆனார், பிறகு எதைப் போலவும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆம்பிளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. தீபாவளி வந்தது. பாக்கியம் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

"இன்னைக்கு என்ன கெழமை?" என்றார் இவர்.

"தீவாளிங்க."

"தீவாளி வரட்டும். கெழமையச் சொல்லு."

அவள் கிண்ணத்தைத் தூக்கி என் வீட்டுப் பக்கம் வீசினாள். என் கோழி அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டது.

கடைக்காரர் பாக்கி கேட்டு வந்தால், "செவ்வாக்கெழமை வீட்டுலருந்து காசு வெளிய போகக் கூடாதுங்க, தெரியாதா?" என்பார். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போவார். எல்லாவற்றிலும் மோசம் சாப்பாடு. பாக்கியத்துக்குச் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம். கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பில் ஏறாது. ஒரு வருஷம் பூராவும் அந்த வீட்டில் பருப்பும் ரசமும்தான். பாக்கியம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் அழுவாள்.

"அக்கா, உங்க வீட்டுல கருவாடா?"

"ஆமாடி."

"அந்த சன்னலக் கொஞ்சம் தெறந்து வைங்கக்கா. வாசமாச்சும் வரட்டும்."

நாங்களும் சும்மா இல்லை. சாயந்தரம் தொரை விசில் ஊதினால் கூடையை இறக்க மாட்டோம். "தப்பட்டை அடிக்கலைங்களே தொரை. எறக்குனா அரை நாள் போயிருமே" என்று நின்றுகொண்டிருப்போம். இதை முதலில் சொன்னது நான்தான். சொல்லும்போது எனக்கு வயிற்றுக்குள் பால் வார்த்தது மாதிரி இருந்தது. தொரை மன்னவனூர்ப் பக்கம் ஒரு காரட் கழுவுகிற இடத்திலிருந்து பழைய சைரன் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அது முதல் நாள் நன்றாகக் கத்தியது. இரண்டாம் நாள் பனிமஞ்சு இறங்கி கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது, எல்லோரும் தூங்கி எழுந்திருக்கிற நேரத்தில், அது பாக்கிக் கத்தலையும் சேர்த்துக் கத்தித் தீர்த்தது.

இதற்கு நடுவில் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் காலைப் பார்க்க வந்தார். பேண்ட்டு, சட்டை, கையில் பை. நாங்கள் எல்லோரும் முன்னாடியே அஞ்சுமணிக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தோம். உள்ளதைக் காட்டினால் போதும், கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம் என்று. அந்த ஆள், "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார்.

வேற்றாள். பேண்ட்டு போட்ட வேற்றாள். அஞ்சுமணி கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டி, தலையை நிமிர்த்தி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். பல்லைக் கடித்த கடியில் தாடி ஆடியது. அது எங்களுக்குத் தெரிந்தது, வந்தவருக்குத் தெரியவில்லை.

"ஏலே, நொண்டுடா!" என்று நான் வேலிக்குப் பின்னால் இருந்து கத்தினேன். "நொண்டுய்யா, ஒங்களுக்குப் புண்ணியமா போகும்!" என்று பாக்கியம் கும்பிட்டாள். அவர் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, திரும்பி இன்னொரு நடை நடந்து காட்டினார். வந்தவர், 'நன்றாக நடக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் பஸ் ஏறியதும் அஞ்சுமணி அப்படியே வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"யாரோ ஒரு ஆளு முன்னாடி நான் நொண்டுறதா அக்கா?" என்றார்.

"அவன் முன்னாடி நொண்டாம இருந்து இப்ப என்னத்த வாரிக் கட்டிக்கிட்ட?" என்றேன். அவர் கட்டைக்குக் கையை நீட்டினார்.

ஆனால் எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. தினமும் வெள்ளனே, பாக்கியம் தண்ணிக்குப் போன பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். டக். சர்ர். டக். சர்ர். தனியாக நடந்து பழகுவார். நொண்டாமல் நடக்கப் பழகுவார். கண்ணை ஏமாற்றப் பழகிவிட்டார். என் காதை ஏமாற்ற முடியவில்லை.

கேஸ் கீழே தொழிலாளர் ஆபீசுக்குப் போனது. போகும், வரும், வாய்தா. ஒரு தடவை கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல். ஒரு தடவை தொரைக்கு வேறு வேலை. ஒரு தடவை மண்சரிவு, நாங்களே போய்ச் சேரவில்லை. நான் சாட்சி என்பதால் ஒவ்வொரு தடவையும் வெரசா குளித்து, நல்ல சேலை கட்டி, பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்த் திரும்பி வருவேன். எனக்கு ஆத்திரமாக வரும். "எத்தனை மாசமாச்சுடா, பாவிங்க இழுக்குறானுங்களே" என்பேன். அஞ்சுமணி சாவகாசமாகத் தாடியைத் தடவிக்கொண்டு சொல்வார்:

"எனக்கு இன்னும் ஒரு நாளுகூட ஆகலையேக்கா."

உலகத்திலேயே வாய்தாவுக்கு அசராத ஆள் அவர் ஒருவர்தான்.

தொரை பொறுமை இழந்து, ஒருநாள் லயத்துக்கே வந்து, "அந்தத் தப்பட்டையைக் குடு. நானே அடிச்சுக்கிறேன்" என்றார். கொடுக்க மாட்டார் என்று நினைத்தோம். அஞ்சுமணி கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். "தாராளமா அடிங்க தொரை. நெருப்புல சூடு காட்டிட்டு அடிங்க, இல்லேன்னா பொத்துப் பொத்துனு கேக்கும்." இவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தொரை பங்களாவில் வைத்து, போனில் ஏதோ ஒரு ஆள் அடிக்கிறதைப் பார்த்துப் பழகினார். சாயந்தரம் ஐந்து மணிக்குப் பங்களா வாசலில் நின்று அடித்தார். நல்ல அடி. கணீரென்று மலை பூராவும் கேட்டது. கேட்டதும் காப்பிச் செடிக்குள் இருந்த நாங்கள் அத்தனை பேரும் நெஞ்சில் கைவைத்தோம்.

அது சாவு அடி.

எந்தப் பக்கமிருந்து வருகிறது? பங்களாப் பக்கமிருந்து. அங்கே யார் இருக்கிறார்கள்? தொரையும் தொரையம்மாவும்தான். அவ்வளவுதான், கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். கீழ் லயத்துப் பொம்பளைகள் தலையை அவிழ்த்துவிட்டே வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மாலையோடு ஜீப் பிடித்தார்கள். நானும் வரும் வழியில் கனகாம்பரம் பறித்துக்கொண்டேன், வெறுங்கையோடு போகக் கூடாது பாருங்கள். பங்களா முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, "எங்க ராசா, கண்ணாடி போட்ட ராசா" என்று ஒப்பாரியை எடுத்துவிட்டோம். தொரையம்மா கதவைத் திறந்தாள். இத்தனை பேர் அழுகிறார்களே என்று, காரணம் தெரியாமலேயே அவளும் விழுந்து அழுதாள். அந்த நேரம் பார்த்து, தப்பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூடை இறங்கிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்த தொரை சுவரோரமாகத் திரும்பி வந்தார். முன்வரிசையில் இருந்த ஒருத்தி அவரைப் பார்த்து அலறின அலறலில் பாதிப் பேர் காப்பிக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

இதோடு விட்டதா? சாவு அடி கேட்டால் தோட்டத்தில் மறுநாள் சாயந்தரம் வரைக்கும் சோலி கிடையாது. அது வழக்கம். யாரும் சாகவில்லையே, போனில் பார்த்த அடியைத்தானே அடித்தேன் என்று தொரை கத்தினார். "அடிச்சது நீங்கதானேங்க" என்று சொல்லிவிட்டு நாங்கள் படுக்கப் போய்விட்டோம்.

தப்பட்டை மறுநாளே கட்டிலுக்கு அடியில் திரும்பி வந்தது.

கடைசியில் ஒருநாள் எல்லோரும் ஒன்றாக ஆபீசுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஆபீசர் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். அஞ்சுமணி தாடியோடும் தப்பட்டையோடும் போய் நின்றார். கம்பெனி வக்கீல் எழுந்து, ஆள் விழுந்தது ஐந்து மணிக்கு மேலே, வேலை நேரம் முடிந்துவிட்டது என்று அழகாகச் சொன்னார். ஆபீசரம்மா தொரையைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க எஸ்டேட்ல அஞ்சு மணி ஆச்சுன்னு ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?"

தொரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார்.

"எங்க எஸ்டேட்ல டிசிப்ளின் மேடம். தப்பட்டை அடிக்காம ஒருத்தரும் கூடையை எறக்க முடியாது. எறக்குனா அரை நாள் கட்."

"எனக்குப் பிடிச்சாருங்கம்மா!" என்று நான் எழுந்துவிட்டேன். "போன்ல அஞ்சு மணி காட்டுச்சுங்கம்மா. அப்படியும் பிடிச்சாரு!"

"பாத்தீங்களா மேடம்" என்றார் தொரை, என்னமோ நான் அவருக்குச் சாட்சி சொன்னதுபோல.

"அப்ப அந்தச் செவ்வாக்கிழமை தப்பட்டை அடிச்சுதா?"

"எப்படி மேடம் அடிக்கும்? அடிக்கிற ஆளுதான் கால் ஒடஞ்சு கீழே கெடந்தானே!"

ஆபீசரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கம்பெனி வக்கீல் நெற்றியில் கைவைத்தார். தொரை மட்டும் இன்னும் நிமிர்ந்தபடியே, எல்லோரும் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்ததை எடுத்தார். அப்படியே வேலையில் விழுந்தார் என்றாலும் கால் சரியாகிவிட்டது, எங்கள் ஆள் நேரில் பார்த்திருக்கிறார், நன்றாக நடக்கிறார் என்றார். ஆபீசரம்மா அஞ்சுமணியிடம் சொன்னார்: "கொஞ்சம் நடங்க, பார்ப்போம்."

வேற்றாள் முன்னால் தும்முவதற்கே யோசிக்கிறவர். இங்கே வக்கீல், குமாஸ்தா, ஆபீசர். கட்டையைச் சாய்த்தார். வேட்டியை உதறினார். தலையை நிமிர்த்தினார். மாப்பிள்ளை நடை ஆரம்பமாகிவிட்டது. பாக்கியம் என் கையைப் பிடித்து நசுக்கினாள். வீடு போயிற்று என்று அந்தக் கையே சொல்லியது.

நான் சொன்னேன்: "அம்மா, நீங்க கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."

"என்ன பாட்டி?"

"பாக்காதீங்க தாயி. கேளுங்க. நான் ஒரு வருசமா சொவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நிஜமாகவே கண்ணை மூடினார். நானும் மூடிக்கொண்டேன். மேலே சுற்றுகிற காற்றாடியைக் குமாஸ்தா நிறுத்தினார். சிமெண்டுத் தரையில் சத்தம் தெளிவாகக் கேட்டது.

டக். சர்ர். டக். சர்ர்.

நடுவில் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், அஞ்சுமணி அறை நடுவில் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார். கண்ணில் தண்ணீர். வலியா, கோபமா, தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ஆபீசரம்மா அவரை டாக்டர்களிடம் காட்டிச் சான்று வாங்கச் சொன்னார். பிறகு தப்பட்டையைப் பார்த்து, அவருக்கும் ஆசை வந்துவிட்டது போல, "அந்த அஞ்சு மணி அடியை ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

"அடிச்சா நாள் முடிஞ்சிரும்ங்கம்மா" என்றார் அஞ்சுமணி. "நீங்க உத்தரவு போடுங்க. பணம் கைக்கு வரட்டும். அடிக்கிறேன்."

பஸ்ஸில் வரும்போது என் பக்கத்து சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார், அந்தக் காலோடு. "எம் மானத்த வாங்கிட்டீங்களேக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் பேச்சு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மும்போதுகூட என் நூறு வயசுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்த் தும்மினார்.

டாக்டர் சான்று வந்தது. உத்தரவும் வந்தது. அதற்குப் பிறகும் கம்பெனி அசைந்து அசைந்துதான் வந்தது. அவர்களுக்கு அந்த அம்மா வட்டியும் சேர்த்துப் போட்ட பிறகுதான் காலில் சுறுசுறுப்பு வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது, தப்பட்டை அடிக்கிற வேலையிலேயே அவர் இருக்கலாம் என்று தொரையும் ஒத்துக்கொண்டார். விசிலும் சைரனும் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்.

பணம் வந்த அன்றைக்குக் காலையில் நாங்கள் காப்பிச் செடிக்குள் பறித்துக்கொண்டிருக்கிறோம். அஞ்சுமணி போனில் பாங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. பாக்கியம் ஓடிவந்து பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கச் சொல்லி, உண்மைதான் என்று தெரிந்துகொண்டாள். இவர் ஓலையைக் கொளுத்தி, தப்பட்டையைத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டியிருக்கிறார். யாரையும் பக்கத்தில் பீடி பற்றவைக்க விடவில்லை. வேட்டியில் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பெரட்டுக் களத்தில் போய் நின்று அடித்தார்.

காலை பத்து மணிக்கு ஐந்து மணி அடித்தது.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒருத்தி கூடையை இறக்கினாள். நானும் இறக்கினேன். எல்லோரும் இறக்கினோம். தொரை கண்ணாடி இல்லாமல் ஓடிவந்தார்.

"என்ன இது? எங்கே போறீங்க?"

"தப்பட்டை அடிச்சிருச்சுங்க தொரை" என்றேன். "தோட்டத்து மணி அதுதானேங்க."

வீட்டுக்குப் போனோம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒருவழியாக முடிந்தது. அஞ்சுமணி நேரே முடி வெட்டுகிற கடைக்குப் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் தாடியைப் பார்த்து இரண்டு கூலி கேட்டாராம். மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்டுக்கறி வாசம் வந்தது. நான் சன்னலைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் காலடி கேட்டது. டக். சர்ர். கையில் கறிக் கிண்ணத்தோடு, சவரம் செய்த மொழு மொழு முகத்தோடு, பட்டப்பகலில், லயத்தில் அத்தனை பேரும் பார்க்க நொண்டிக்கொண்டே வந்தார். கிண்ணத்தை வைத்தார். "உப்பு கொஞ்சம் கூட இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அதுதான் சமாதானம். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். சாயந்தரம் தப்பட்டை அடிக்கிறார். காது மட்டும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது.

சரி பாப்பா, எழுதினது போதும். இப்போது முதலிலிருந்து வாசி, கேட்போம். வாயை மூடி முணுமுணுக்காதே. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமாக வாசி, அந்த ஆளுக்கும் கேட்கட்டும். அவர் நொண்டினார் என்று வருகிற இடத்தை மட்டும் மெல்ல வாசி.